கரிச்சட்டியைக் கண்டவன்

உர்செக் தாவினுக்கு நான் நாற்பது சிரா கடன்பட்டிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் அதைக் கொடுக்கவில்லை. முதல் இரண்டு வருடம் கையில் இல்லை. மீதி முப்பத்தாறு வருடமும் கையில் இருந்தது, மனம் வரவில்லை.

இதை எழுதுவது நான்தான், பராஸ் கெல்டு. யாரையும் வைத்து எழுதவில்லை. பள்ளிக்கூடம் போய்ப் படித்த எழுத்து இல்லை இது. வலையில் கட்டிய பனிப்பாளத்தை எண்ணிக் குறிக்க வேண்டுமே என்று கற்றுக்கொண்ட எழுத்து. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு பதினோரு இழுவைக் கப்பல் வாங்கினேன். தெரோக் என்கிற உலகத்தில் மழை கிடையாது. அங்கே ஒருவன் மூன்று மிடறு தண்ணீர் குடித்தால் அதில் ஒரு மிடறு என் கப்பல் இழுத்துப்போன பனி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்கு அப்படி.

இப்போது கரிச்சட்டிக்குக் குடியேறப் போகிறவர்கள் எங்கள் கஸ்வா துறையில் இறங்கிக் கப்பல் மாறுகிறார்கள். ஒரு உலகத்துக்கு யாராவது கரிச்சட்டி என்று பெயர் வைப்பார்களா என்று கேட்கிறார்கள். களிக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்புகிறார்கள். நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் உர்செக். அவன் சொல்ல மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

உர்செக்கும் நானும் ஒரே பனிப்படகில் பிறந்தோம். எங்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் வலை முடிகிறவர்கள், ஒரே தொட்டியில் பாசி வளர்த்து ஒரே அடுப்பில் களி கிண்டியவர்கள். அவன் பிறந்து ஒன்பது நாள் கழித்து நான் பிறந்தேன். படகில் அந்த வருடம் பிறந்த முதல் பிள்ளைக்கு ஒரு வெள்ளி மணி கட்டுவார்கள். அது அவன் காலில் இருந்தது. அந்த ஒன்பது நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒல்லி, காது இரண்டும் பிடி மாதிரி வெளியே நிற்கும், வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருப்பான். ஆனால் கண் என்றால் கண். இம்லாத் என்கிற பெருங்கோளின் வளையத்துக்குள் கப்பல் போகும்போது தூசியில் கருவி எல்லாம் குருடாகிவிடும். அப்போது மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடிக் கூண்டில் ஒரு ஆளை உட்கார வைப்போம். பார்வைக்காரன் என்று பெயர். முன்னால் வருகிற பாறையைப் பார்த்து அவன் குரல் கொடுக்க வேண்டும், ஓட்டுகிறவன் கேட்டு வளைக்க வேண்டும். உர்செக் பதினாறு வயதில் அந்தக் கூண்டில் ஏறினான். நானும் ஏறிப் பார்த்தேன். நான் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள் பாறை பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயிருந்தது. என்னை இறக்கிவிட்டு வடம் சுற்றுகிற வின்ச்சில் போட்டார்கள்.

பாறைகளுக்கு வரைபடத்தில் பெயர் உண்டு. சர்வேனில், தலைநகரத்தில், வரைபட மாளிகை என்று ஒன்று இருக்கிறது. வளையத்தை வாழ்நாளில் பார்க்காத ஆட்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, பிரபு ஒர்தாவன் நான்காவது, பிரபு ஒர்தாவன் ஐந்தாவது என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் செத்துப்போவான். உர்செக் தன் வசதிக்கு ஒரு பெயர் சொல்லுவான். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆவி கக்குகிற பாறைக்கு மூக்குறிஞ்சி. மெதுவாகப் புரள்கிறதுக்குத் தூங்குமூஞ்சி. முகட்டில் ஒரு இடைவெளி விட்டு நிற்கிற நிலவுக்குப் பல்விழுந்தவன். பெயரைக் கேட்டதும் எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்குள் துறை முழுக்க அந்தப் பெயர்கள்தான். அவன் யாரையும் கேட்டு வைக்கவில்லை, யாரையும் அப்படிக் கூப்பிடச் சொல்லவும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தாவது கப்பல் வாங்கிய வருடம் வரைபட மாளிகைக்கு மூவாயிரம் சிரா கட்டினேன். பல்விழுந்தவனில் இருக்கிற அந்த முகட்டுக்கு ‘கெல்டு மேடு’ என்று முறையாக அச்சிட்டு அனுப்பினார்கள். முத்திரை வைத்த தாள். அலுவலகச் சுவரில் மாட்டினேன். அடுத்த நாள் என் சொந்தக் கப்பலின் ஓட்டுநர், என் சம்பளம் வாங்குகிறவன், என் காது கேட்க வானொலியில் பேசுகிறான்: “பல்விழுந்தவன் தாண்டிட்டோம் முதலாளி.” சட்டம் கொண்டுவந்து கெல்டு மேடு என்று சொல்ல வைத்தேன். ஒரு வாரம் சொன்னார்கள். எட்டாவது நாள் ஒருவன், “கெல்டு மேடு, அதான் முதலாளி, பல்விழுந்தவனோட ஓட்டை” என்றான். அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் என்னை விடவில்லை.

இனி அந்த நாற்பது சிரா.

எனக்கு முப்பத்தாறு வயது. உடைப்புக்கு வந்த ஒரு பழைய இழுவைக் கப்பலை ஏலத்தில் எடுத்தேன். இருபது வருடச் சம்பளம் அதோடு போயிற்று. எடுத்த பிறகுதான் துறைக்காரர்கள் சொல்கிறார்கள், இழுவடம் இல்லாத கப்பலை வெளியே விட மாட்டோம் என்று. வடத்தின் விலை நாற்பது சிரா. மூன்று நாளுக்குள் கப்பலை எடுக்காவிட்டால் ஏலம் ரத்து, கட்டிய பணம் போனது போனதுதான். துறையில் நான் கேட்காத ஆள் இல்லை. கடைசியில் உர்செக்கிடம் போனேன். கடைசியாகத்தான் போனேன், அவனிடம் வாங்கக் கூடாது என்பதற்காகவே.

அவன் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். சரியாக நாற்பது சிரா இருந்தது. சர்வேனுக்கு ஒரு ஆள் போகிற கட்டணம் அப்போது நாற்பது. பார்வைக்காரனுக்கு உரிமம் தருகிற வரைபட மாளிகைத் தேர்வு ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், அந்த வருடம் வந்திருந்தது. அவன் அதற்குத்தான் சேர்த்து வைத்திருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

“ரெண்டு நடையில திருப்பிடுறேன்டா” என்றேன்.

“மெதுவா குடு. தேர்வு எங்க ஓடிடப் போவுது” என்றான்.

அவன் அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த தேர்வு வந்தபோது வயது தாண்டியிருந்தது.

முதல் இரண்டு வருடம் உண்மையிலேயே முடியவில்லை. பிறகு இரண்டாவது கப்பல், மூன்றாவது கப்பல். மூன்றாவது கப்பலை நீராட்டி வெளியே விடுகிற விருந்தில் யாரோ கேட்டார்கள், கெல்டு, நீ எப்படித்தான் ஆரம்பித்தாய் என்று. நான் குடித்திருந்தேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “வெறுங்கை. ஒருத்தன்கிட்டயும் ஒரு சிரா வாங்கினதில்ல” என்றேன். கைதட்டினார்கள். உர்செக் எதிரே உட்கார்ந்திருந்தான். அவனும் கைதட்டினான், மற்றவர்களைவிட ஒரு தட்டு அதிகமாக. அன்றிலிருந்து எந்த விருந்தானாலும் அந்தப் பேச்சு என்னிடம் கேட்டு வாங்குவார்கள். நானும் கொடுத்தேன். என் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூடக் கொடுத்தேன்.

துறையில் கடன் தீர்வதற்கு ஒரே வழிதான் உண்டு. துறைத்தலைவி முன்னால், வாங்கியவன் கொடுத்தவனின் விரித்த உள்ளங்கையில், ஒவ்வொரு காசாகச் சத்தமாக எண்ணி வைக்க வேண்டும். கஸ்வாவில் எடை குறைவு, காசைச் சும்மா போட்டால் எழும்பிப் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் கையில் அழுத்தி வைக்க வேண்டும். அன்றைக்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்: இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தீர்த்தார், இன்ன வருடம் இன்ன காரியத்துக்கு வாங்கியது. மற்ற வழியில் கொடுப்பது எதுவும் கணக்கில் சேராது. நான் உர்செக்கை என் கப்பலிலேயே வேலைக்கு வைத்தேன். உரிமம் இல்லாத பார்வைக்காரனுக்கு யாரும் தராத சம்பளம் தந்தேன். உள்ளே மயிர்த்தோல் வைத்த அங்கி வாங்கிக் கொடுத்தேன், அதன் விலையே நூற்றிருபது. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். நாற்பது நாற்பதாகவே நின்றது.

அவன் பாறைக்குப் பெயர் வைப்பதை நிறுத்தவும் இல்லை. ஒவ்வொரு நடையிலும் கப்பலின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு சின்னக் கல் உண்டு. அதற்குக் கடன்காரன் என்று வைத்தான். அதைக் கேட்டு மூன்று நாள் எனக்குக் களி இறங்கவில்லை. எனக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மனதில் அப்படி ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் திருப்பி ஏதாவது செய்திருப்பேன்.

அவன் வீட்டில் எப்போதும் ஆட்கள். எங்கள் வீட்டில் அறை ஒன்பது, வருகிறவர்கள் சம்பள முன்பணம் கேட்கிறவர்கள். அவன் வீட்டில் அறை ஒன்றரை, தரையில் உட்கார இடமிருக்காது. அவன் மனைவி ஒல்லின் உப்புக்கட்டியை நடுவில் வைத்துவிடுவாள், வருகிறவர்கள் களியைக் கையோடு கொண்டு வருவார்கள். என் மனைவி தீவாகூட மாதத்தில் நாலு நாள் அங்கேதான். ஏன் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “அங்க யாரும் எதையும் வெலை சொல்ல மாட்டாங்க” என்றாள்.

எங்களுக்கு எழுபத்துநாலு வயது ஆனபோது அது நடந்தது.

என் ஏழாம் கப்பல் தெரோக்குக்குப் பனியை இழுத்துக்கொண்டு போகிறது. கூண்டில் உர்செக். அந்த வயதில் வேறு யாரையும் நான் கூண்டில் ஏற்ற மாட்டேன். வேறு யாரும் அவன் அளவுக்குப் பார்ப்பதில்லை, அதனால் ஏற்றினேன். ஆறாவது வாரம், வளையத்தைவிட்டு வெகுதூரம் வந்தபிறகு, பார்க்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில், அவன் கூண்டில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு நட்சத்திரம் அணைந்து மறுபடி எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. எதுவோ முன்னால் போகிறது என்று சொல்லி, ஓட்டுநரைக் கெஞ்சி, இரண்டு நாள் கப்பலைத் திருப்ப வைத்தான். கெஞ்சியது அவன், எரிபொருள் என்னுடையது.

அங்கே ஒரு உலகம் இருந்தது. பாறை இல்லை, முழு உலகம். கரி பூசினதுபோல் கறுப்பு, சாய்வான நீண்ட பாதையில் தொண்ணூறு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பக்கம் வருவது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே சூடு. வெடிப்பில் தண்ணீர். மெல்லிய காற்று. எங்கள் இரண்டு சூரியனைச் சுற்றி ஆள் குடியிருக்கிற மாதிரி ஒரு புது உலகம் கிடைத்து இருநூறு வருடம் ஆகியிருந்தது.

கூண்டிலிருந்து உர்செக் சொன்ன முதல் வார்த்தை வானொலிப் பதிவில் இருக்கிறது. “அடேய், கரிச்சட்டி மாதிரி இருக்குடா.” கப்பல் துறைக்குத் திரும்புவதற்குள் குழந்தைகள்கூடக் கரிச்சட்டி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை நான் கவலைப்படவில்லை. ஆள் குடியேறுகிற உலகத்துக்கு வழக்கம் வேறு. யாருடைய கப்பல் கண்டதோ அவர் பெயர்தான் உலகத்துக்கு. பார்த்தவனுடையது இல்லை, கப்பல்காரனுடையது. துறைக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் வேறு பெயர் சொன்னால் அபராதம். ஒரு உலகம், கெல்டு. அங்கே பிறக்கிற பிள்ளை, நான் கெல்டுக்காரன் என்று சொல்லும். செத்த பிறகும் சொல்லும். மூவாயிரம் சிரா கட்டி ஒரு முகடு வாங்கியவனுக்கு ஒரு முழு உலகம்.

ஒரே ஒரு முள் இருந்தது. பெயர் சொல்வதற்கு முன்னால் பாக்கி கேட்பார்கள். முதல் காலத்தில் தெரோக்குக்கு ஒரு பிரபுவின் பெயர் வைத்திருந்தார்களாம், அவன் குடியேறினவர்கள் அத்தனை பேருக்கும் மூச்சுக் காற்றுக்கென்று வாங்கிய காசைப் பாக்கி வைத்துவிட்டு ஓடிப்போனானாம். அன்றிலிருந்து இந்த வழக்கம். துறைத்தலைவி கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார், இவர் யாருக்காவது பாக்கியா என்று. யாராவது ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயர் விழுந்தது. பெயர் வைக்கிற உரிமை பாக்கி வரவேண்டியவருக்குப் போய்விடும்.

தீவாவுக்கு அந்த நாற்பது தெரியும். வடம் வாங்கிய அன்றே சொல்லியிருந்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் காலை களியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னைக்கே போயி துறைத்தலைவி மெஷ்ரா முன்னாடி எண்ணிக் குடுத்துட்டு வந்துருங்க. நாளைக்கு உங்க பேரு.”

“ஒலிபெருக்கில வாசிப்பாங்களே.”

“வாசிக்கட்டும்.”

“இழுவடம் வாங்க நாப்பது சிரான்னு வாசிப்பாங்க. வெறுங்கைன்னு நான் சொன்னதெல்லாம் என்ன ஆவுறது?”

“அது உங்க வாயில இருந்து வந்ததுதானே. ஒரு உலகமே கெடைக்குது, வாய்க்கு வலிச்சா என்ன?”

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உலகமும் வேண்டும், வெறுங்கையும் வேண்டும். துறைத்தலைவியிடம் போகாமல் உர்செக்கிடம் போனேன்.

அவன் கையுறை தைத்துக்கொண்டிருந்தான். நான் வாங்கிக் கொடுத்த அங்கி சுவரில் தொங்கியது, முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். நாளைக்குக் கூட்டத்துக்கு வருகிறாயா என்றேன், எங்கே உட்காருவாய் என்றேன். அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

“கெல்டு, நான் வாயத் தொறக்க மாட்டேன். போ, போயி தூங்கு.”

“எதப் பத்தி?”

“எதப் பத்தியோ.” சிரித்தான். “ஒனக்கு ஆசையா இருந்தா வச்சுக்கோடா அந்த ஒலகத்த.”

வச்சுக்கோ என்றான். உப்புக்கட்டியை நகர்த்தி வைக்கிற மாதிரி. நான் அன்றைக்கு அந்த ஒன்றரை அறையிலிருந்து ஒரு உலகத்தைத் தானமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தூங்கவில்லை.

கூட்டத்தில் நிற்க இடமில்லை. மெஷ்ரா மேடையில் இருந்தார், என் மகள் வயதுதான், ஆனால் துறைத்தலைவி அங்கியைப் போட்டுவிட்டால் யாரும் வயது பார்ப்பதில்லை. நான் அவருக்கு வலதுபக்கம் தனி நாற்காலியில். உர்செக் மூன்றாவது வரிசையில், அதே கையுறையும் ஊசியுமாக. அவனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அவன் மடியில் எதை எதையோ தின்னக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

முதல் முறை கேட்டார். உர்செக் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முறை கேட்டார். அப்போது என் நாலாம் கப்பல் ஓட்டுநர் ஒருவன் எழுந்தான். என்னிடம் இருபது வருடம் வேலை செய்தவன், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. முதலாளியைப் பார்த்து இதைக் கேட்பதே தப்பு என்றான். வெறுங்கையோடு வந்த மனிதர், ஒரு சிரா கைநீட்டி வாங்காதவர், துறைக்கே தெரியும் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள், ஆனால் அதில் பாதி தூக்கம். நான் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு தேய்ந்துபோயிருந்தது. அவனுக்கு அது போதவில்லை. உர்செக் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீங்க கூடவே இருந்தவரு. நீங்களே சொல்லுங்க. வெறுங்கைதானே?”

உர்செக் நூலைப் பல்லில் கடித்து அறுத்தான். என்னை ஒருதரம் பார்த்தான்.

“ஆமா,” என்றான். “வெறுங்கைதான். நான் பாத்தேன்.”

கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. உர்செக் சொல்லிவிட்டானா, சரி. அப்படித்தான் இருந்தது அவர்கள் முகம். முன்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இத்தனை வருடம் தொண்டை கிழியச் சொன்னதை யாரும் முழுதாக நம்பியிருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. அவன் இரண்டு வார்த்தை சொன்னான், பொய், எனக்காகச் சொன்ன பொய், உடனே நம்பிவிட்டார்கள். கப்பல் நான் சம்பாதித்தது. உலகம் அவன் கொடுப்பது. சரி. என் வெறுங்கைகூட இனி அவன் கொடுத்ததுதானா? கெல்டு என்று ஒவ்வொரு முறை ஒரு பிள்ளை சொல்லும்போதும் அது உர்செக் தாவின் போட்ட பிச்சை என்று ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கும். அவன் செத்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் நல்லவன் என்பதால் எழுந்தேன் என்று களிக்கடையில் சொல்கிறார்கள். இல்லை. பொறாமையில்தான் எழுந்தேன்.

மெஷ்ரா மூன்றாவது முறை கேட்டார்.

“நாந்தாங்க பாக்கி,” என்றேன். “உர்செக்குக்கு நாப்பது சிரா. முப்பத்தெட்டு வருசமாச்சு. என் மொத இழுவடம் அவன் காசு. வெறுங்கையும் இல்ல ஒண்ணும் இல்ல.”

என் ஓட்டுநர் நின்றபடியே இருந்தான், உட்கார மறந்துவிட்டான். தீவா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மெஷ்ரா உர்செக்கை மேடைக்குக் கூப்பிட்டார். கையுறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாக வந்தான். முதலாளி சொல்வது உண்மையா என்று கேட்டார். உர்செக் என்னிடம் குனிந்து, “ஏன்டா கெழவா, சும்மா இருந்திருக்கலாம்ல,” என்றான். பிறகு மெஷ்ராவைப் பார்த்துத் தலையாட்டினான்.

“அப்ப முதலாளி பேரு விழுந்தது,” என்றார் மெஷ்ரா. “பேரு வைக்கிற உரிமை உங்களுக்கு அண்ணே. சொல்லுங்க.”

“இவன் பேரையே வச்சிருங்களேன்.”

மறுபடியும் கொடுக்கிறான்.

“முடியாதுண்ணே. விழுந்த பேரு விழுந்ததுதான்.”

அதைக் கேட்டு என் நெஞ்சில் இறங்கிய நிம்மதியை என்னவென்று சொல்வது. ஒரு உலகம் கையைவிட்டுப் போகிறது, நான் நிம்மதிப்படுகிறேன். அவன் கையால் வராமல் போயிற்றே என்று.

உர்செக் காதைச் சொறிந்துகொண்டான். “அப்ப வேற என்ன. கரிச்சட்டிதான். அங்க போறவங்க கைய வச்சா கறுப்பாத்தான் ஆகும், தெரிஞ்சு போவட்டும்.”

கூடம் சிரித்தது. சிரித்துக்கொண்டே மூன்று முறை சொன்னார்கள். கரிச்சட்டி, கரிச்சட்டி, கரிச்சட்டி. சட்டமாகிவிட்டது. இனி யாரும் அதை மாற்ற முடியாது. நானும் சேர்ந்து சொன்னேன். வேறு பெயர் சொன்னால் அபராதம்.

பிறகு கடனைத் தீர்க்கச் சொன்னார் மெஷ்ரா. என்னிடம் அவ்வளவு சில்லறை இல்லை. பதினோரு கப்பலுக்குச் சொந்தக்காரன், கையில் நாற்பது சிரா இல்லை. தீவா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தாள். காலையிலேயே எண்ணி முடிந்து கொண்டுவந்திருக்கிறாள்.

உர்செக் வலது கையை நீட்டி விரித்தான். வடம் அறுத்த தழும்பு குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. இத்தனை வருடம் என் கப்பல்களில் வேலை செய்த கை, நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. வட்டி வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். “எண்ணுடா,” என்றான்.

ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒவ்வொன்றாக அழுத்தினேன். பத்துக்கு மேல் காசின்மேல் காசாக வைக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டில் ஒரு காசு என் விரலிலிருந்து நழுவி மேலே எழும்பியது, அவன் இடது கையால் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான், மறுபடி எண்ணி வைக்கச் சொல்லி. முப்பது. முப்பத்தைந்து. கூடமே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தது அவன் கையைத்தான். நீட்டிக் கொடுக்கிற என் கையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது. கடைசிக் காசை மற்றவற்றின்மேல் வைத்து, என் கட்டைவிரலால் அவன் உள்ளங்கையில் பதியும்வரை அழுத்தி, துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “நாப்பது.”